காத்திருப்புக் காலமும் ஹோர்மோன் ஊசியும்: புரொஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிய ஒரு விளக்கம்

புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பது உறுதிசெய்யப்பட்டு, அச்சுரப்பியை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட ஒருவர், அந்நாள் வரும்வரை என்ன செய்ய வேண்டும் என்ற வினா மேலோட்டமாக நோக்குவோருக்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், தன் உடலினுள் புற்றுநோய் இருக்கிறது என்று அறிந்த பின்னர் பத்து வாரங்களோ பன்னிரண்டு வாரங்களோ ஒன்றும் செய்யாது இருப்பது எவருக்கும் எளிதன்று. அவ்வேளையில், "அதுவரைக்கும் ஓர் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், நோய் அடங்கியிருக்கும்" என்று சொல்லப்பட்டால் அதனை மறுக்க மனம் வராது. ஊசி போடப்படுகிறது. சில வாரங்களில் இரத்தப் பரிசோதனையில் வரும் எண் மளமளவென இறங்குகிறது. குடும்பமே ஆறுதல் அடைகிறது. இந்த ஆறுதல் எவ்வளவு தூரம் நோயின் உண்மை நிலையைக் காட்டுகிறது என்பதையே இக்கட்டுரையில் நாம் ஆராய விழைகிறோம்.

புரொஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே, சிறுநீர்வழியின் தொடக்கப் பகுதியைச் சுற்றி அமைந்துள்ள சிறிய சுரப்பியாகும். விந்துத் திரவத்தின் ஒரு பகுதியை அது சுரக்கிறது. பருவமடையும் காலத்தில் அது வளர்வதும் முதுமைவரை நிலைத்திருப்பதும் ஆண் ஹோர்மோனாகிய டெஸ்டொஸ்டெரோனின் ஆதரவினாலேயே ஆகும். இந்த ஹோர்மோனில் ஏறத்தாழ 90 முதல் 95 சதவீதம் வரை விதைகளில் உற்பத்தியாகிறது. எஞ்சிய சிறு அளவு சிறுநீரகங்களின் மேல் அமைந்த அதிரீனல் சுரப்பிகளின் வழியாக வருகிறது. புரொஸ்டேட் கலங்கள் புற்றுநோய்க் கலங்களாக மாறிய பின்னரும் டெஸ்டொஸ்டெரோனில் தங்கியிருக்கும் இயல்பை எளிதில் கைவிடுவதில்லை. அதனை நிறுத்திவிட்டால் அவற்றுட் பல மடிகின்றன, பல சுருங்கி உறங்குகின்றன. பி.எஸ்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரதமும் இச்சுரப்பியின் கலங்களிலிருந்தே இரத்தத்தில் கலக்கிறது. அதன் அளவைக் கொண்டே வைத்தியர்கள் நோயின் போக்கை மதிப்பிடுகின்றனர். அந்தப் புரதத்தை உற்பத்திசெய்யும் மரபணுவும் டெஸ்டொஸ்டெரோனின் கட்டளைக்கு உட்பட்டதே என்பதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்வது நல்லது. கட்டளை நின்றுவிட்டால், கலம் உயிரோடு இருந்தபோதிலும் பி.எஸ்.ஏ. குறைந்துவிடும்.

விதைகள் அகற்றப்பட்ட ஆணின் உடலில் நிகழும் மாற்றங்களைப் பழங்கால அறிஞர்கள் கூர்ந்து நோக்கியிருந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்ஜாஹிஸ், தமது 'கிதாபுல் ஹயவான்' என்னும் நூலில் விதை நீக்கப்பட்ட மனிதர்களையும் விலங்குகளையும் பற்றி விரிவாகவே எழுதியுள்ளார். குரல், உரோமம், உடலமைப்பு, மனநிலை என அவர் தொட்டுச் செல்லும் விடயங்களுள் பல, இன்று ஹோர்மோன் ஊசியின் பக்கவிளைவுகள் எனப் பட்டியலிடப்படுபவற்றோடு நெருங்கிய உறவுடையவை. எனினும், உடலுக்குள் மறைந்திருக்கும் புரொஸ்டேட் சுரப்பிக்கும் விதைகளுக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. விதை நீக்கப்பட்ட விலங்குகளில் இச்சுரப்பி சிறுத்துப்போவதை இலண்டனில் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹன்டர் அவதானித்தார். சீன அரசவையில் பணிபுரிந்து முதுமையடைந்திருந்த விதை நீக்கப்பட்ட ஆண்களை 1960இல் பெய்ஜிங்கில் வைத்தியர்கள் பரிசோதித்தபோது, அவர்களுட் பெரும்பாலாரின் புரொஸ்டேட் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை.

இந்த அவதானங்களைப் புற்றுநோய்ச் சிகிச்சையாக மாற்றியவர் கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்ள்ஸ் ஹகின்ஸ் ஆவார். அவரும் கிளாரன்ஸ் ஹொட்ஜஸும் 1941இல் வெளியிட்ட ஆய்வு, எலும்புகளுக்குப் பரவிய புரொஸ்டேட் புற்றுநோய், விதைகளை அகற்றுவதாலோ பெண் ஹோர்மோனைக் கொடுப்பதாலோ பின்வாங்குவதைக் காட்டியது. வலியால் படுக்கையில் கிடந்தோர் சில நாட்களிலேயே எழுந்து நடந்தனர். இரசாயன வழியில் ஒரு புற்றுநோயைக் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு அது வலுவான சான்றாக அமைந்தது. 1966இல் ஹகின்ஸுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால், இக்கதையின் மறுபக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளில் 1960களில் நடத்தப்பட்ட பெரும் ஆய்வொன்றில், பெண் ஹோர்மோனின் செயற்கை வடிவத்தைப் பெற்றோரிடையே புற்றுநோயால் நேர்ந்த மரணங்கள் குறைந்தன. ஆயினும் இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்த மரணங்கள் அந்த நன்மையை விழுங்கிவிட்டன. நோயின் அளவுகோல் இறங்குவதும் நோயாளி நீண்டு வாழ்வதும் ஒன்றல்ல என்ற பாடம் இத்துறையில் அன்றே படிக்கப்பட்டிருந்தது.

இன்று வழக்கிலுள்ள ஊசிகள் வேறொரு கண்டுபிடிப்பின் விளைவாகும். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலமஸ், கபச்சுரப்பிக்கு அனுப்பும் ஒரு தூது இரசாயனத்தின் அமைப்பை அன்ட்ரூ ஷாலியின் ஆய்வுக்குழு 1971இல் வெளிப்படுத்தியது. இத்துறையில் அவரோடு போட்டியிட்ட ரொஜர் கியுமனும் அவரும் 1977இன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் அடங்குவர். இந்தத் தூது விட்டுவிட்டுத் துடிப்பாக வரும்போது கபச்சுரப்பி விதைகளைத் தூண்டுகிறது. அதே தூது இடைவிடாது வந்துகொண்டிருந்தால், ஓயாது தட்டப்படும் கதவைத் திறக்காமல் விட்டுவிடும் வீட்டாரைப் போன்று, கபச்சுரப்பி மௌனமாகிவிடுகிறது. லியுப்ரொலைட், கொசெரலின் முதலிய மருந்துகள் இந்த விந்தையின் மீதே கட்டப்பட்டவை. லியுப்ரொலைட் 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொசெரலின் சிறு அரிசிமணி போன்ற உருவில் வயிற்றுத் தோலின் கீழ் வைக்கப்படுகிறது. மாதம் ஒரு முறை வைப்பதும் உண்டு, மூன்று மாதங்களுக்கு ஒரு முறை வைப்பதும் உண்டு.

கதவு மூடப்படுவதற்கு முன்னர் ஓர் இடைக்கட்டம் உண்டு. முதற் சில நாட்களில் கபச்சுரப்பி மௌனமாவதற்குப் பதிலாகக் கிளர்ந்தெழுகிறது, டெஸ்டொஸ்டெரோன் ஏறுகிறது. மூன்று நான்கு வாரங்களின் பின்னரே அது விதை அகற்றப்பட்ட நிலைக்கு இறங்குகிறது. எலும்புக்குப் பரவிய நோயுடையோருக்கு இந்த ஏற்றம் முதுகுத்தண்டு அழுத்தம் போன்ற ஆபத்துகளை விளைவிக்கலாம். ஆகவே பிகலுட்டமைட் போன்ற தடுப்பு மாத்திரையைச் சில வாரங்கள் சேர்த்துக் கொடுப்பர். 2008இல் அனுமதி பெற்ற டெகரெலிக்ஸ் ஊசியும், 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெலுகொலிக்ஸ் மாத்திரையும் தூதை நேரடியாகவே மறிப்பதால் இந்த ஏற்றத்தை உண்டாக்குவதில்லை.

இனி நம் வினாவுக்கு வருவோம். சுரப்பியும் கட்டியும் சுருங்குமாயின், சுருங்கிய பின் வெட்டி எடுப்பது எளிதல்லவா? எஞ்சிப்போகும் புற்றுநோய் குறையுமல்லவா? இந்த எதிர்பார்ப்பு தர்க்கத்துக்கு உகந்ததாகவே இருந்தது. 1990களில் அதனைப் பரிசோதிக்க வட அமெரிக்காவில் பல ஆய்வுகள் நடத்தப்பட்டன. மார்க் சொலவேயும் அவரது சகாக்களும் நடத்திய ஆய்வில் 303 பேர் எழுமாறாக இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மூன்று மாதங்கள் ஹோர்மோன் தடுப்பு மருந்துகளைப் பெற்ற பின்னர் சத்திரசிகிச்சைக்குச் சென்றனர், மற்றப் பிரிவினர் நேராகச் சென்றனர். அகற்றப்பட்ட சுரப்பியின் வெட்டோரத்தில் புற்றுநோய்க் கலங்கள் காணப்பட்டோர் நேராகச் சென்ற பிரிவில் 48 சதவீதமாக இருக்க, மருந்து பெற்ற பிரிவில் 18 சதவீதமாகக் குறைந்திருந்தனர். கனடாவில் 213 பேரிடம் வேறொரு மருந்தைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்விலும் அவ்விகிதம் ஏறத்தாழ 65இலிருந்து 28 சதவீதமாக வீழ்ந்தது. இம்முடிவுகளைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் ஆய்வாளர்கள் அத்தோடு நிறுத்தாமல் நோயாளர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். சொலவேயின் குழு ஐந்தாண்டு முடிவுகளை 2002இல் வெளியிட்டது. பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறாமல் இருந்தோர் மருந்து பெற்ற பிரிவில் 64.8 சதவீதம், பெறாத பிரிவில் 67.6 சதவீதம். அதாவது, வேறுபாடே இல்லை. கனேடிய ஆய்வின் தொடர்ச்சியும் இதனையே கூறியது. இத்தகைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுதிரட்டி 2006இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, வெட்டோரம் சீர்படுகிறது, ஆயுள் நீளவில்லை என்ற முடிவுக்கு வந்தது. சத்திரசிகிச்சைக்கு முன்னர் இம்மருந்துகளை வழமையாக வழங்க வேண்டாம் என்று ஐரோப்பிய சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டல் அறிவுறுத்துவதன் பின்னணி இதுவே.

வெட்டோரம் தூய்மையாக இருந்தும் நோய் திரும்பியது ஏன்? இதற்கு இரு விளக்கங்கள் தரப்படுகின்றன. முதலாவது, நோய் திரும்புவதற்குக் காரணமான நுண்ணிய கலக்கூட்டங்கள் சிலரில் சுரப்பிக்கு வெளியே ஏற்கெனவே சென்றுவிட்டிருக்கும். மூன்று மாத மருந்து அவற்றை ஒடுக்கிவைக்கிறதேயன்றி அழித்துவிடுவதில்லை. இரண்டாவது விளக்கம் நுட்பமானது. ஹோர்மோன் நிறுத்தப்பட்ட புற்றுநோய்க் கலங்கள் சுருங்கி, தமக்கேயுரிய தோற்றத்தை இழந்து, சாதாரண இழையங்களினூடே சிதறிக் கிடக்கின்றன. நுணுக்குக்காட்டியின் கீழ் அவற்றை இனங்காண்பது நோயியல் நிபுணருக்கே கடினமாகிறது. ஓரம் தூய்மையாகத் தோன்றிய சில சந்தர்ப்பங்களில், அது தூய்மையாக இருக்கவில்லை, தூய்மையாகத் தென்பட்டது மட்டுமே. புற்றுநோயின் தீவிரத்தைச் சுட்டும் கிளீசன் மதிப்பெண்ணையும் அத்தகைய இழையத்தில் நம்பிக்கையோடு கணிக்க முடியாது. மேலதிகச் சிகிச்சை தேவையா என்பதைத் தீர்மானிப்பதற்கு வைத்தியர் நாடும் ஆதாரங்களே இவ்வாறு மங்கிவிடுகின்றன. எமது கருத்தில், காத்திருப்புக் கால ஊசியின் மிகப்பெரிய இழப்பு இதுவே. பக்கவிளைவுகளைப் பற்றி நோயாளிக்குச் சொல்பவர்கள்கூட இதனைச் சொல்வது அரிது.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்துவது அவசியம். ஒரே நோய்க்கு ஒரே ஊசியைப் போட்டுக்கொண்ட அயலவரோ உறவினரோ பயனடைந்திருக்கலாம். அவர் கதிர்ச்சிகிச்சைக்காகக் காத்திருந்தவராக இருப்பின் அது முற்றிலும் வேறு விடயம். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1996 முதல் 2000 வரை 818 பேரைச் சேர்த்து நடத்தப்பட்ட ஆய்வொன்றில், கதிர்ச்சிகிச்சைக்கு ஐந்து மாதங்களுக்கு முன்னரே தொடங்கி மொத்தம் ஆறு மாதங்கள் ஹோர்மோன் தடுப்பைப் பெற்றோரிடையே, பத்தாண்டுகளில் புரொஸ்டேட் புற்றுநோயால் நேர்ந்த மரணம் 22 சதவீதத்திலிருந்து 11.4 சதவீதமாகக் குறைந்தது. மிஷெல் பொல்லாவின் தலைமையிலான ஐரோப்பிய ஆய்வு, கதிர்ச்சிகிச்சையோடு மூன்றாண்டுகள் கொசெரலின் வழங்கியபோது ஐந்தாண்டு உயிர்வாழ்வு 62இலிருந்து 79 சதவீதமாக உயர்ந்ததை 1997இல் காட்டியது. ஹோர்மோனை இழந்த கலங்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் இரையாகின்றன. அங்கே ஊசி சிகிச்சையின் ஓர் அங்கம். கத்தியோ, கலம் பலவீனமாக இருக்கிறதா பலமாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, தன் எல்லைக்குள் இருப்பதை எடுக்கிறது, எல்லைக்கு வெளியே இருப்பதை விட்டுவிடுகிறது. ஆதலால் சத்திரசிகிச்சையா கதிர்ச்சிகிச்சையா என்று இன்னும் முடிவெடுக்காத ஒருவருக்கு அவசரப்பட்டு ஊசி போட்டுவிடுவது, அறியாமலே அவரை ஒரு பாதையில் தள்ளிவிடுவதாகும்.

அப்படியாயின் வெறுமனே காத்திருப்பது ஆபத்தில்லையா? பெரும்பாலோருக்கு இல்லை. இந்நோய் பொதுவாக மெல்ல நகர்வது. பிரித்தானியாவில் 1999 முதல் 2009 வரை நோய் கண்டறியப்பட்ட 1,643 பேரை, கண்காணிப்பு, சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை என மூன்று பிரிவுகளாகப் பிரித்து நடத்தப்பட்ட புரொடெக்ட் ஆய்வின் பதினைந்தாண்டு முடிவுகள் 2023இல் வெளியாகின. புரொஸ்டேட் புற்றுநோயால் இறந்தோர் மொத்தம் 45 பேர், அதாவது 2.7 சதவீதத்தினரே. மூன்று பிரிவுகளுக்கிடையே மரணத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கண்காணிப்புப் பிரிவில் நோய் பரவியோர் 9.4 சதவீதமாகவும் சத்திரசிகிச்சைப் பிரிவில் 4.7 சதவீதமாகவும் இருந்தனர் என்பதையும் மறைக்கலாகாது. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் தள்ளிவைத்ததன் விளைவு. சுரப்பிக்குள் அடங்கிய, குறைந்த அல்லது நடுத்தர ஆபத்துள்ள நோயில் மூன்று மாதத் தாமதத்தை இதனோடு ஒப்பிடுவது பொருந்தாது. மேலும், பயொப்சி எடுத்த பின்னர் காயமும் வீக்கமும் ஆறும்பொருட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர்களே ஆறு முதல் எட்டு வாரங்கள் காத்திருப்பது நீண்டகால வழக்கம். காத்திருப்பில் ஒரு பகுதி இவ்வாறு சிகிச்சைக்கே உரியது.

அதி ஆபத்துள்ள நோயில் நிலைமை வேறு. 2020இல் கொவிட் பெருந்தொற்று பரவியபோது இது நடைமுறைப் பிரச்சினையாகவே எழுந்தது. அவ்வாண்டு மார்ச் 17ஆம் திகதி இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, அவசரமற்ற சத்திரசிகிச்சைகளைக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒத்திவைக்குமாறு வைத்தியசாலைகளைப் பணித்தது. புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைகள் விலக்களிக்கப்பட்டிருந்தாலும், படுக்கைகளும் மயக்க மருந்து நிபுணர்களும் இல்லாதவிடத்து விலக்கினால் என்ன பயன்? எப்போது மேசைக்கு அழைக்கப்படுவோம் என்று எவருக்கும் தெரியாத அந்நிலையில், தீவிர நோயுடையோருக்கு ஹோர்மோன் மருந்தை ஒரு பாலமாக வழங்கிய வைத்தியர்களை நாம் குறைகூற மாட்டோம். காத்திருப்பின் எல்லை தெரியாதபோது நோயை ஒடுக்கிவைப்பது நியாயமான தெரிவாகும். அது ஒரு நெருக்கடியின் ஏற்பாடு. எல்லை தெரிந்த பத்து வாரக் காத்திருப்புக்கு அதனை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது.

நிருவாகக் கணக்கும் இதில் குறுக்கிடுவதுண்டு. இங்கிலாந்தில் புற்றுநோய் ஐயத்தோடு அவசரமாக அனுப்பப்படும் நோயாளிக்கு 62 நாட்களுக்குள் முதற் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது நியதி. ஹோர்மோன் மருந்தையே தனிச் சிகிச்சையாக வழங்கினாலோ, குறித்த காலம் அதனை வழங்கிய பின்னரே அடுத்த சிகிச்சை என்று முன்கூட்டியே திட்டமிட்டிருந்தாலோ மாத்திரம் அது முதற் சிகிச்சையாகக் கணக்கில் கொள்ளப்படும் என அங்குள்ள விதி கூறுகிறது. வரிசை நீளமாக இருப்பதால் இடைக்காலத்தில் போடப்படும் ஊசி, திட்டமிட்ட சிகிச்சையாகாது. விதியை இயற்றியோரே இந்த வேறுபாட்டை உணர்ந்திருந்தனர் என்பது கவனத்திற்குரியது.

ஊசியின் விலையை உடல் செலுத்துகிறது. திடீரென உடலெங்கும் பரவும் சூடும் வியர்வையும், இச்சை அற்றுப்போதலும், களைப்பும், தசை குறைந்து கொழுப்பு கூடுதலும், மனச்சோர்வும் சில வாரங்களிலேயே தலைகாட்டுகின்றன. நீரிழிவு உள்ளோருக்குச் சர்க்கரை ஏறலாம். எலும்பு மெலிவு நீண்டகாலம் பெறுவோருக்கே உரியதாயினும் ஏற்கெனவே எலும்பு தேய்ந்தோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பிகலுட்டமைட் மாத்திரையை மாத்திரம் தொடர்ந்து உட்கொள்வோரிடம் மார்பு வீக்கமும் வலியும் சாதாரணம். பெரிய சத்திரசிகிச்சை ஒன்றுக்கு உடலைத் தயார்செய்ய வேண்டிய காலத்தில், நடைப்பயிற்சியாலும் நல்லுணவாலும் தசையைப் பேண வேண்டிய ஒருவரிடமிருந்து அந்தத் தசையையே பறிப்பது முரண்பாடாகவே எமக்குப் படுகிறது. தாம்பத்திய வாழ்வைப் பற்றி இந்நாட்களில் கணவன் மனைவியிடையே எழும் மௌனத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். சத்திரசிகிச்சையின் பின் வரக்கூடிய பலவீனத்தைப் பற்றி எச்சரிக்கப்பட்ட தம்பதியர், அதற்கு முன்னரே எஞ்சியிருந்த சில மாதங்களையும் இந்த ஊசியால் இழந்துவிடுகின்றனர்.

ரமழானில் இச்சிகிச்சை நேர்ந்தால் என் செய்வது என்று கேட்போர் உளர். ஊட்டம் தராத ஊசிகள் தோலிலோ தசையிலோ ஏற்றப்படுவதால் நோன்பு முறியாது என 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்துள்ளது. நாளொன்றுக்கு ஒரு முறை உட்கொள்ளும் மாத்திரையை நோன்பு திறந்த பின்னர் எடுத்துக்கொள்ள முடியும். நோன்பைத் தாங்கும் பலம் நோயாளிக்கு உண்டா என்பது வேறு கேள்வி. அதனை வைத்தியரிடமே கேட்டறிய வேண்டும்.

எனவே ஊசி பரிந்துரைக்கப்படும்போது அதன் நோக்கத்தை வினவுவது நோயாளியின் உரிமை. நோய் எத்தகைய ஆபத்து நிலையில் உள்ளது, சத்திரசிகிச்சைக்கு எத்தனை வாரங்கள் உண்டு, கதிர்ச்சிகிச்சைக்கு மாறும் எண்ணம் உண்டா, பரிந்துரை திட்டத்தின் பகுதியா அல்லது வரிசையின் விளைவா என்பவற்றுக்கு விடை கிடைத்தாலே பாதி தெளிவு பிறந்துவிடும். என்சலுட்டமைட், அபலுட்டமைட், அபிரட்டரோன் ஆகிய புதிய மருந்துகளைச் சத்திரசிகிச்சைக்கு முன் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளில் சேருமாறு ஒருவர் அழைக்கப்படலாம். அது தீவிர நோயில் நன்மையைத் தேடும் முறையான முயற்சி. வரிசையில் நிற்பவரை ஆற்றுவதற்கான ஊசியோடு அதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தகுந்த காரணத்தால் ஊசி அவசியமாயின், மூன்று மாத ஊசியைவிடக் குறுகிய காலம் செயற்படும் மருந்தைப் பற்றிக் கேட்கலாம். ரெலுகொலிக்ஸை லியுப்ரொலைட்டோடு ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வில், மருந்தை நிறுத்திய 90 நாட்களின் பின் டெஸ்டொஸ்டெரோன் இயல்பு நிலைக்குத் திரும்பியோர் முன்னையதில் 54 சதவீதம், பின்னையதில் வெறும் 3 சதவீதம்.

ஏற்கெனவே ஊசி பெற்றுவிட்டவர்கள் அஞ்சத் தேவையில்லை, அது சத்திரசிகிச்சையைத் தடுப்பதில்லை. ஆனால் அகற்றப்பட்ட சுரப்பியோடு நோயியல் பிரிவுக்குச் செல்லும் படிவத்தில், எந்த மருந்து, எந்தத் திகதியில், எவ்வளவு காலத்துக்கு வழங்கப்பட்டது என்று எழுதப்பட்டுள்ளதா என்பதை உறுதிசெய்துகொள்வது நல்லது. சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் முதலாவது பி.எஸ்.ஏ. முடிவு மிகத் தாழ்ந்திருப்பது கத்தியின் வெற்றியாகவும் இருக்கலாம், உடலில் இன்னும் எஞ்சியுள்ள ஊசியின் நிழலாகவும் இருக்கலாம். அதே குருதி மாதிரியில் டெஸ்டொஸ்டெரோனின் அளவையும் பார்த்தால்தான் இரண்டையும் வேறுபடுத்த முடியும்.